திருட்டு என்று சொல்லிவிட்டால் தீர்ந்ததா?

2019 மார்ச் 6, புதன்கிழமை, பிரான்ஸிடமிருந்து ரஃபேல் போர் விமானங்களை வாங்கும் ஒப்பந்தம் பற்றிய ஆவணங்கள் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து திருடப்பட்டுவிட்டன என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னார் அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல். வெள்ளிக்கிழமை, மூல ஆவணங்கள் எங்கும் போகவில்லை, ஒப்பந்தத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்த மனுதாரர்கள் நகல்களைப் பயன்படுத்தினார்கள் என்பதையே சொன்னேன் என்று விளக்கம் அளித்தார். இந்த இரண்டு நாட்களுக்குள் என் உறவினர்களில் பாதிப்பேர், அரசு ரகசியங்களை வெளியிடுவதைத் தடுக்கும் 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்தில் வல்லுநர்களாகிவிட்டார்கள். வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தின் மீது தேசபக்தர்களுக்கு இவ்வளவு பாசம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் காகிதம் எப்படி வெளியே வந்தது என்பது இருக்கட்டும், அதில் எழுதியிருப்பது உண்மையா, இல்லையா?

பிப்ரவரி 8ஆம் தேதி ‘தி இந்து’ வெளியிட்டது, பிரதமர் அலுவலகம் பிரெஞ்சுத் தரப்புடன் இணையாகப் பேச்சு நடத்துவது நமது பேச்சுவார்த்தைக் குழுவின் நிலையைப் பலவீனப்படுத்துகிறது என்று பாதுகாப்பு அமைச்சக அதிகாரிகள் 2015 நவம்பரில் எழுதிய குறிப்பை. அன்று ஆளும் தரப்பின் கோபம் எதன் மீது இருந்தது என்று நினைவிருக்கிறதா? அப்போதைய அமைச்சர் மனோகர் பாரிக்கர், இது மிகையான எதிர்வினை என்னும் பொருளில் அதன் கீழே கையால் எழுதியதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்பதே அவர்களது குற்றச்சாட்டு. அந்தக் கையெழுத்துக் குறிப்புள்ள பக்கமும் அன்றே ஒரு செய்தி நிறுவனம் வழியாக வெளியாகிவிட்டது. அதையும் சேர்த்தே போட்டிருக்கலாம் என்பதுதான் என் கருத்தும். ஆனால் பிப்ரவரியில் ‘முழுவதையும் ஏன் போடவில்லை’ என்று கேட்டவர்கள், 26 நாள் கழித்து ‘ஏன் போட்டீர்கள்’ என்று கேட்பதை எப்படி எடுத்துக்கொள்வது? அது அத்தனை பெரிய ரகசியம் என்பது இடையில் எந்த நாளில் தெரியவந்தது?

எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டியபோது, மதிப்பீட்டுத் தாளின் நகலொன்றை அந்த அலுவலகத்தின் கடைநிலை ஊழியர் ஒருவர் என்னிடம் கொடுத்தார். தாளில் ஆழம் நான்கடி. நாங்கள் டேப் பிடித்து அளந்தபோது இரண்டரை அடிகூட இல்லை. நகலை எடுத்துக்கொண்டு பொறியாளரிடம் போனோம். அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார், முத்திரையை விரலால் தடவினார், பிறகு கேட்டார்: “இதை உங்களுக்கு யார் கொடுத்தது?” ஆழத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசிவரை இல்லை. அடுத்த மாதம் அந்த ஊழியருக்கு மாறுதல் உத்தரவு வந்தது. அன்று பொறியாளர் கேட்ட அதே கேள்விதான் நாட்டின் உச்ச நீதிமன்றத்திலும் ஒலித்தது.

‘திருட்டு நகை என்று தெரிந்தே வாங்கும் அடகுக்கடைக்காரருக்கும் பத்திரிகை ஆசிரியருக்கும் என்ன வேறுபாடு?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நகை ஒருவருடைய சொத்து. 36 விமானங்களின் விலை யாருடைய சொத்து, ஐயா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு, அலுவல் ரகசியச் சட்டம் இருந்தாலும்கூட, பாதிப்பைவிடப் பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்கிறது. அதை நாடாளுமன்றமே 2005இல் நிறைவேற்றியது.

‘எதிரி படித்துவிடமாட்டானா?’ என்பது நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று நான் வாதிடவில்லை. 2011இல், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் இணையதளம் அமெரிக்கத் தூதரகத் தந்திகளைப் பெயர்களை மறைக்காமல் வெளியிட்டபோது, அதனுடன் சேர்ந்து பணியாற்றிய நாளிதழ்களே கண்டித்தன. வியட்நாம் போர் பற்றிய அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ‘பென்டகன் ஆவணங்களை’ 1971இல் வெளிப்படுத்திய டேனியல் எல்ஸ்பெர்க், சமாதானப் பேச்சுகள் தொடர்பான தொகுதிகளை மட்டும் பத்திரிகைகளிடம் தராமல் தனியே வைத்துக்கொண்டார். பொறுப்பு என்பது அதுதான். இங்கே வெளியானதில் ரேடார் எத்தனை கிலோமீட்டர் பார்க்கும் என்றா இருந்தது? விற்பவர் சொன்னபடி செய்யாவிட்டால் ஈடுகட்டும் வங்கி உத்தரவாதம் இல்லாததால் விலை என்னவாகிறது என்பதைப் படித்து எந்த எதிரி நம் மீது குண்டு வீசப்போகிறான்?

‘தேர்தல் நேரத்தில் ஏன்?’ என்பார்கள். போபர்ஸ் பீரங்கி பேர ஊழல் ஆவணங்களை இதே ‘தி இந்து’ நாளிதழ் 1988இல் வெளியிட்டபோது, அவை எந்த வழியாக வந்தன என்று இன்று கொதிப்பவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள்? அன்று அது துணிச்சலான இதழியல், இன்று துரோகம்.

துரோகம் என்ற அந்தச் சொல்லைக் குடும்பக் குழுவில் எனக்காகவே பயன்படுத்தியவர் என் பெரியப்பா மகன். அந்த வடிகாலை அளந்த அன்று டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான். எவ்வளவு வாங்கினாய் என்று நேற்று கேட்டிருக்கிறார். அண்ணா, என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் குறிப்பு போலியானது என்று அரசாங்கமே சொல்லவில்லை, உங்களுக்கு ஏன் அவ்வளவு அவசரம்?