ரொக்கக் கமிஷன் என்றாலும் அது சம்பளம்தான்
“விற்பனைக்கு ரொக்கமாகக் கமிஷன் வாங்கினால் அது சம்பளமே இல்லை, முதலாளி எவ்வளவு பிடித்தாலும் கேட்க முடியாது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை (எண் 95), எந்தப் பெயரில், எப்படிக் கணக்கிட்டாலும் ஊதியம் ஊதியமே என்கிறது. வாய்மொழி ஒப்பந்தமும் அதில் அடக்கம். சட்டமோ, தொழிற்சங்கத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தமோ, நடுவர் தீர்ப்போ அனுமதித்த பிடித்தம் மட்டுமே செல்லும். வேலை வாங்கித் தந்ததற்கென்று பிடிப்பது கூடவே கூடாது. அந்த உடன்படிக்கையை ஏற்காத நாடுகளும் உண்டு, சரி. அங்கே உள்நாட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஊழியராக இல்லாமல் தனி முகவராக இருந்தால் கதை வேறு.

ரொக்கத்தில் சிக்கல் உரிமை அல்ல, ஆதாரம். விற்றது, பேசிய விகிதம், கைக்கு வந்தது, பிடித்ததற்குச் சொன்ன காரணம் எல்லாவற்றையும் அன்றன்றே குறித்து, முதலாளிக்கே குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுங்கள்.