வில்லங்கத்தை மறைத்து விற்ற கணினி

பாளையங்கோட்டையில் இருபது ஆண்டுகளாகப் பத்திரம் எழுதிவரும் நான், வில்லங்கச் சான்றைப் பார்க்காமல் எவருக்கும் ஒரு கிரயப் பத்திரம்கூட எழுதிக் கொடுத்ததில்லை. அப்படிப்பட்ட என் மேசையிலேயே வில்லங்கத்தை மறைத்து விற்ற ஒரு பொருள் இரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஏதோ ஒரு பெரிய அலுவலகம் கழித்துப்போட்ட கணினி அது. வண்ணார்பேட்டைக் கடை ஒன்றில் வாங்கினேன். படித்த ஒரு செய்தியைச் சோதித்துப் பார்க்க, சென்ற வாரம் கணினியை இயக்கியவுடன் கன்ட்ரோல் (Ctrl) விசையையும் பி (P) விசையையும் சேர்த்து அழுத்தினேன். விண்டோஸ் வருவதற்கு முன்பே கேட்கும்படி நான் போட்டு வைத்திருந்த பயாஸ் கடவுச்சொல்லை அது கேட்கவே இல்லை. வேறொரு திரை தோன்றித் தனியாக ஒரு கடவுச்சொல்லைக் கேட்டது. "அட்மின்" என்று தட்டினேன்; திறந்துகொண்டது! என் அறைக்குள் ஒரு நிமிடம் தனியாக இருக்கும் எவனும் இதே வழியில் நுழைந்து, தொலைவிலிருந்து என் கணினியை ஆளும் வசதியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டிருக்கலாம். கடைக்காரத் தம்பியிடம் கேட்டால், "அண்ணாச்சி, ஃபார்மட் அடிச்சுத்தான குடுத்தோம், பெறவு என்ன பயம்?" என்கிறார்.

ஃபார்மட் அங்கே எட்டாது. 2008 முதல் இன்டெல் சில்லு உள்ள ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற தனிச் செயலி இருக்கிறது. நான் திறந்த அந்தத் திரை அதனுடையதுதான். அதற்கென்று தனி இயங்குதளம் உண்டு. என் விண்டோஸுக்கு அதன்மேல் எந்த அதிகாரமும் கிடையாது. கணினியை அணைத்த பிறகும், பிளக்கில் மின்சாரம் இருந்தால் அது விழித்திருக்க முடியும். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் சில்லுகளிலும் இப்படி ஒரு மறைவுச் செயலி உண்டு. 2017 மே மாதம், இன்டெலின் தொலைமேலாண்மை வசதியில் கடவுச்சொல்லுக்கான விடையை வெறுமையாக அனுப்பினாலே உள்ளே விட்டுவிடும் ஓட்டை இருந்தது வெளியானது. அதே ஆண்டில் எர்மோலோவ், கொர்யாச்சி என்ற இரு ஆய்வாளர்கள், அந்தச் செயலிக்குள்ளேயே தங்கள் நிரலை ஓடவிட்டுக் காட்டினார்கள்.

எனக்குப் பொறுக்க முடியாதது வேறொன்று. அந்தச் செயலியைப் பெருமளவு முடக்கிவைக்கும் ஒரு சுவிட்ச் அதற்குள்ளேயே இருப்பதையும் இவ்விருவரும் இருந்த குழுதான் கண்டுபிடித்தது. அமெரிக்க அரசின் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை முன்னிட்டு அது வைக்கப்பட்டது என்று இன்டெலே ஒப்புக்கொண்டது. அவர்களுக்குத் தேவைப்பட்ட சுவிட்ச், காசு கொடுத்து வாங்கிய எனக்கு மட்டும் எதற்காக மறைக்கப்பட்டது? ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களும் கணினியைச் செய்த நிறுவனத்தின் வழியாகத்தான் வரவேண்டும். எழுதிக் கேட்டேன்; இந்த மாடலுக்கு ஆதரவுக் காலம் முடிந்துவிட்டது, புதிதாக வாங்குங்கள் என்று பதில் வந்தது.

நம்பி வந்தவர்களின் ஆதார் நகல், பட்டா, கைரேகைப் பக்கம் எல்லாம் அந்தக் கணினியில்தான் இருக்கின்றன. அட்மின் என்பதை மாற்றிவிட்டேன். இரவில் பிளக்கையும் இணையக் கம்பியையும் பிடுங்கிவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறேன். ஆனால் பத்திரப்பதிவு வேலை முழுவதும் இணையத்தில் நடக்கிறபோது, காலையில் அந்தக் கம்பியை நானே என் கையால் மறுபடி சொருக வேண்டியிருக்கிறது.