உள்ளே பார்த்து நிற்கும் காவலரண்கள்

பிரிட்டனின் இரண்டாம் உலகப் போர்க்கால விமானப்படைத் தளங்களின் படங்களைப் பார்த்தால் ஒன்றைக் கவனியுங்கள். வயலோரம் புதர் மண்டிய கான்கிரீட் காவலரண் ஒன்று நிற்கும். பில்பாக்ஸ் என்பார்கள். துப்பாக்கி நீட்டும் துளைகள் பல இடங்களில் வெளியே சாலைப் பக்கம் இருக்காது, உள்ளே ஓடுதளத்தைப் பார்த்திருக்கும். திசை தெரியாமல் கட்டியதல்ல. 1940 மே மாதம் நெதர்லாந்தின் வால்ஹாவன் தளத்தில் ஜெர்மன் படை வானத்திலிருந்தே இறங்கியது. எதிரி வேலி தாண்டி வரமாட்டான், நடு மைதானத்தில் குதிப்பான் என்ற பயம் அப்போது பிடித்துக்கொண்டது.

அந்தப் பயத்தின் உச்சம் பிக்கெட்-ஹாமில்டன் கோட்டை. பெயர்தான் கோட்டை. மைதானத்தில் புதைத்த, கிணற்று உறை போல ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கான்கிரீட் உருளைகள், அவ்வளவுதான். சும்மா இருக்கும்போது மூடி தரையோடு தரையாகக் கிடக்கும். ஆபத்து என்றால் ஆட்கள் உள்ளே இறங்கி, காற்றழுத்தத்தால் உள் உருளையை முக்கால் மீட்டர் உயர்த்திச் சுட வேண்டும். 1940 ஜூலையில் இங்கிலாந்தின் லாங்லி விமானத்தளத்தில் இதைப் பார்த்த சர்ச்சிலுக்கு ரொம்பப் பிடித்துப்போனது, எல்லா இடத்திலும் போடச் சொன்னார். முந்நூறுக்கும் மேல் போட்டார்கள். அப்புறம் என்ன, குழிக்குள் தண்ணீர் புகுந்தது. எதிர்பார்த்த எதிரியோ கடைசிவரை இறங்கவேயில்லை.

சிலவற்றைத் தோண்டியெடுத்து அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கண்ணில் படாமல் இருப்பதுதான் அதன் வேலையே. மண்ணுக்கு மேலே தூக்கி நிறுத்தினால் பழைய தண்ணீர்த் தொட்டிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

காவலரணை மட்டும் விட்டுவைத்து, மைதானத்தைக் கிடங்கு கட்டக் கொடுப்பதும் இதே கதைதான். துளை வழியாகக் குனிந்து பார்த்தால் தகரச் சுவர் தெரியும். யாரைச் சுடுவதற்காக இங்கே உட்கார்ந்தார்கள் என்று எப்படிப் புரியும்?

எல்லாவற்றையும் காக்க முடியாது, சரி. 1995 முதல் 2002 வரை தன்னார்வலர்கள் பிரிட்டன் முழுக்கப் பதிவு செய்த தற்காப்புக் கட்டுமானங்களே ஏறக்குறைய இருபதாயிரம். அதனால் சில தளங்களைத் தேர்ந்தெடுத்து, மைதானத்தோடு சேர்த்துக் காக்கட்டும். லண்டனுக்குத் தெற்கே கென்லியில் போர் விமானங்களைக் குண்டுச் சிதறலிலிருந்து காத்த மண்கரைகள் இன்னும் இருக்கின்றன. நடுவே புல்வெளியும் இருக்கிறது, எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்கள் பறக்கின்றன. அங்கே நிற்பவருக்கு எது எதற்காகக் கட்டப்பட்டது என்று பலகை வைத்துச் சொல்லவேண்டியதில்லை.