லோன் வாங்கிப் படிக்கிற பிள்ளை ஊர் சுற்றலாமா?

போன வாரம் சொந்தக்காரர் ஒருவர் என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டிருக்கிறார்: "தம்பி படிக்கத்தானே போனான்? எப்பப் பார்த்தாலும் ஏதாவது ஒரு ஊர்ல நிக்கிறானே?" அம்மா இதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் வீட்டுப் பத்திரம் பேங்கில் இருப்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நான் பாம்பன்காரன். ஜெர்மனியில், பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பல்கலைக்கழக ஊரில் எம்.எஸ். இரண்டாம் ஆண்டு. தீசிஸ் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் காசுக் கணக்கு. "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்று கன்சல்டன்சிக்காரர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024இல் கட்டணம் வாங்க ஆரம்பித்துவிட்டது. எங்கே படித்தாலும் விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் (மொத்தமாகப் போட்டுவிட்டு மாதாமாதம் கொஞ்சம்தான் எடுக்க முடிகிற கணக்கு) பணம் காட்டியாக வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ ஆனது, மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். ரூபாயில் பதினோரு லட்சத்துக்கு மேல். கடனில் முக்கால்வாசி அங்கேயே போய்விடுகிறது. மீதியைச் சமாளிக்க வருடத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம் என்பது சட்டம். நானும் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன்.

இவ்வளவு இறுக்கத்தில் ஊர் சுற்றுவது சரியா? சரிதான் என்பேன்.

என்னோடு வந்த ஒரு நண்பன் இருக்கிறான். லேப், கிடங்கு, ரூம் தவிர இரண்டு வருடத்தில் எதையும் பார்க்கவில்லை. கூப்பிட்டால், "லோன் முடியட்டும்டா, அப்புறம் பாத்துக்கலாம்" என்பான். அவனுக்கு ஆசை இல்லாமல் இல்லை. சந்தோஷமாக இருந்தாலே அப்பாவுக்குத் துரோகம் செய்வதுபோல அவனுக்குத் தோன்றுகிறது. என்னை வருத்துவது அதுதான். இந்த எண்ணத்தை அவன் மனதில் போட்டது கடன்காரர்கள் இல்லை, ஸ்டேட்டஸ் பார்த்துக் கேள்வி கேட்கிற நாம்தான்.

பத்து நாளில் எட்டு நாடு பார்க்கிற பயணத்தை நான் சொல்லவில்லை. அதையும் ஒரு தடவை செய்தேன். ராத்திரி பஸ்ஸில் தூக்கம், காலையில் கோபுரம் முன்னால் போட்டோ, மறுபடி பஸ். ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து எந்தத் தெரு எந்த நகரம் என்றே குழம்பிவிட்டது. நான் சொல்வது சனிக்கிழமைப் பயணம். ஜெர்மன் செமஸ்டர் டிக்கெட் நான் வந்தபோது ஆறு மாதத்துக்கு 176 யூரோ 40 சென்ட். நாடு முழுக்க எல்லா உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் செல்லும், அதிவேக ரயிலில் மட்டும் செல்லாது. செமஸ்டர் கட்டணத்தோடு பிடித்துவிடுகிறார்கள், வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். அந்த டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரூமில் படுத்திருப்பதுதான் வீண்செலவு.

அப்படித்தான் ஒரு குளிர்கால சனிக்கிழமை டிபன் பாக்ஸில் புளியோதரையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ட்ரியரில் ரயில் மாறி, மோசல் ஆற்றை ஒட்டியே போய் பெர்ல் என்ற ஊரில் இறங்கினேன். நேரே நடந்தால் ஒரு பாலம். தாண்டினால் லக்சம்பர்க் நாட்டு கிராமம், பெயர் ஷெங்கன். ஆமாம், ஐரோப்பிய விசாவில் அச்சடித்திருக்கும் அதே ஷெங்கன்தான். சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், ஆற்றோரமாகச் சில தெருக்கள், வரிசையாகப் பெட்ரோல் பங்குகள். விலை குறைவு என்று ஜெர்மன்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு இங்கே வருகிறார்கள், நம்மவர்கள் பெட்ரோல் போடப் பாண்டிச்சேரி போவது மாதிரி. கொஞ்சம் தெற்கே நடந்தால் பிரான்ஸ். 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் இந்த ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் அமர்ந்துதான், எல்லைச் சோதனையை எடுத்துவிடலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளைத்தான் ஷெங்கன் நாடுகள் என்கிறார்கள்.

பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தேன். அந்த இடத்தில் மோசல் ஜெர்மனிக்கும் லக்சம்பர்க்குக்கும் பொதுச் சொத்து, 19ஆம் நூற்றாண்டிலிருந்தே. இந்தப் பாதி உனக்கு, அந்தப் பாதி எனக்கு என்று நடு ஆற்றில் கோடே கிடையாது. இரண்டு கரையிலும் ஆட்கள் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் மாமா விசைப்படகுக்காரர். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கடலில் 1974இல் வரைந்த கோட்டை அவர் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் அதைத் தாண்டிவிட்டார் என்று சொல்லி ஒரு ராத்திரி படகைப் பிடித்துக்கொண்டு போனார்கள். படகு திரும்ப வரவே இல்லை. பாலத்தில் நின்றபடியே அவருக்கு வீடியோ கால் போட்டு ஆற்றைக் காட்டினேன். கோடு இல்லாத கதையைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "ரெண்டு பக்கத்துக்காரனும் மீன் பிடிக்கிறானாடா?" பிடிக்கிறார்கள் மாமா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இன்னொரு தடவ காட்டு" என்றார்.

ஷெங்கனிலிருந்து லக்சம்பர்க் நகருக்குப் பஸ் ஏறினேன். சில்லறையை நீட்டியபோது ஓட்டுநர் வேண்டாம் என்று கையசைத்தார். 2020 முதல் அந்த நாட்டில் பஸ், டிராம், ரயிலின் சாதாரண வகுப்பு எல்லாமே இலவசம், யாருக்கும். அம்மாவிடம் சொன்னபோது, "நம்ம பிங்க் பஸ் மாதிரியா? ஆம்பளைங்களுக்குமா?" என்றார்.

இப்படிப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டையும் ரெசிடென்ஸ் கார்டையும் மறக்கவே கூடாது. ஜெர்மன் கார்டு இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை இருக்கலாம். ஆனால் 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் தற்காலிகச் சோதனையைக் கொண்டுவந்தது. திரும்பும் வழியில் ரயிலில் ஏறிய போலீஸ்காரர்கள் எங்கள் பெட்டியில் என்னிடமும் ஒரு ஆப்பிரிக்க மாணவரிடமும் மட்டும்தான் கார்டு கேட்டார்கள். அது வலித்தது. கோடு போன இடத்தில் திரும்ப முளைக்கவும் செய்யும், சிலருக்கு மட்டும் என்பதையும் அன்றைக்கே பார்த்தேன்.

இன்னொரு சனிக்கிழமை லைப்சிக்கில் நண்பன் வீட்டில் தங்கி, பக்கத்து ஊரான ஹாலேவுக்குப் போனேன். 1706இல் தரங்கம்பாடி வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு படித்த ஊர். அவர் அச்சகத்துக்கான தமிழ் எழுத்துகளை இங்கேதான் உலோகத்தில் வார்த்துக் கப்பலேற்றினார்கள். 1713இல் அவை தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தன. ஹாலேவில் இருக்கும் ஃப்ராங்கே அறக்கட்டளையின் காப்பகத்தில் இன்றைக்கும் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. பனி கொட்டுகிற அந்த ஊர்த் தெருவில் நின்று, நம் 'ழ'வை எவனோ ஒரு ஜெர்மன் கொல்லன் அச்சாக வார்த்திருக்கிறான் என்று நினைத்தபோது, வந்த நாளிலிருந்து மனதில் இருந்த அந்நியத்தனம் கொஞ்சம் இறங்கியது. எந்த பேக்கேஜ் டூரிலும் ஹாலே வராது.

கேட்ட சொந்தக்காரருக்கு: மார்க் குறையவில்லை, வட்டி மாதாமாதம் போகிறது. இரண்டு சனிக்கிழமைக்கும் சேர்த்து ஆன செலவு 30 யூரோவுக்குள்தான். தைரியமாக அம்மாவிடம் கேளுங்கள், பதில் சொல்லுவார்.

நண்பன் நேற்று வரைக்கும் வரமாட்டேன் என்றவன், இந்தப் பதிவின் முதல் பாதியை வாசித்துக் காட்டியதும் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டான். சனிக்கிழமை காலை 6 மணிக்குடா. புளியோதரை நான் கட்டிடுறேன், நீ அப்பளம் மட்டும் பொரிச்சு எடுத்துட்டு வா.