காலித் தொட்டியை ஆட்டினால் போதாது

“மர நீர்த்தொட்டியைக் காலியாக அதிர்வு மேசையில் (நிலநடுக்கம்போல் ஆட்டிப் பார்க்கும் சோதனை மேடை) ஆட்டினார்கள், ஒரு பலகைகூட நகரவில்லை, நிலநடுக்கத்துக்கு அஞ்ச வேண்டாம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மரம் வளைந்து கொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் இந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை.

3 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் 3 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் ஏறத்தாழ 21 டன். அதற்கு முன் மரத்தின் எடை சொற்பம். நிலநடுக்க விசையோ எடையைப் பொறுத்தது! போதாக்குறைக்கு, நியூயார்க் கட்டடங்களின் உச்சியில் இன்றும் நிற்கும் இத்தகைய தொட்டிகளில் பசை கிடையாது. நீரில் ஊறி உப்பிய பலகைகளை இரும்பு வளையங்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. (அழுத்தம் கூடுவதால் அடியில் வளையங்கள் நெருக்கமாக இருக்கும்.) உலர்ந்தால் பலகைகள் சுருங்கி இடைவெளி விடும். உலர்ந்த தொட்டியைச் சோதிப்பது வேறொரு தொட்டியைச் சோதிப்பதுதான்.

நீரும் ஒரே கட்டியாக ஆடுவதில்லை. ஒரு பகுதி சுவரோடு சேர்ந்து ஆடும், மேற்பகுதி தனியே அலைமோதும்; நிலநடுக்கப் பொறியியலாளர் ஜார்ஜ் ஹவுஸ்னர் 1950களிலேயே இப்படிப் பிரித்துக் கணக்கிட்டார். மேற்சொன்ன தொட்டியில் அந்த அலை ஒருமுறை போய்வர சுமார் 1.8 விநாடி ஆகும். கீழேயுள்ள கட்டடமும் அதே தாளத்தில் ஆடினால் அலை வளர்ந்து மூடியை முட்டும். எனவே நீர்மட்டத்தை மாற்றி மாற்றி, தாங்கு சட்டத்தையும் அடித்தளத்தோடு பிணைக்கும் நங்கூர போல்ட்டுகளையும் சேர்த்தே ஆட்டிப் பார்க்க வேண்டும்.