கறந்த பாலுக்கு ஒரே சட்டம் போதாது

அப்பாவுக்குப் பொழுது சாய்ந்தால் காய்ச்சல் வரும். காலையில் ஒன்றும் தெரியாது, எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவார். மாலை ஐந்து மணிக்கு மேல் உடம்பு அனலாய்க் கொதிக்கும். இரவெல்லாம் வியர்த்துக் கொட்டி, விடியும்போது சட்டையைப் பிழியலாம். இடுப்பும் முழங்காலும் கழன்று விழுவதுபோல் வலிக்கிறது என்பார். இரண்டு மாதம் இப்படியே போனது. மலேரியா இல்லை, டைபாய்டு இல்லை, காசநோய் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் ஓர் இளம் மருத்துவர்தான் கேட்டார்: "ஐயா, வீட்டில் மாடு இருக்கிறதா? சமீபத்தில் ஏதாவது கன்று வீசியதா?"

வீசியிருந்தது. ஏழு மாதச் சினை கலைந்து விழுந்திருந்தது. விழாமல் தொங்கிக்கொண்டிருந்த நஞ்சுக்கொடியை அப்பா வெறுங்கையால்தான் எடுத்தார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சில நாளில் அந்த மாட்டைக் கறக்கத் தொடங்கினோம். அப்பா தன் வழக்கப்படி மடியிலிருந்து டம்ளரில் பீய்ச்சி, நுரை அடங்குவதற்குள் குடிப்பார். ரத்தப் பரிசோதனையில் புருசெல்லோசிஸ் என்று வந்தது. கன்று வீச்சு நோய் என்று மாடு வளர்ப்பவர்கள் சொல்வது இதைத்தான். கை வழியாக வந்ததா, பால் வழியாக வந்ததா என்று மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் வழிதான் என்றார். ஆறு வாரம் இரண்டு மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிட்டபின் எழுந்து நடமாடினார்.

காய்ச்சாத பச்சைப் பாலின் விற்பனையைத் தடை செய்ய வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்ற வாக்குவாதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நனைந்த சட்டைதான் நினைவுக்கு வருகிறது. இரு தரப்பிலும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். பண்ணைப் பாலைக் குற்றப் பொருளாகப் பார்ப்பவர்களிடமும் எனக்குக் கோபம் உண்டு; அதை அமுதம் என்று சொல்லிக் கைக்குழந்தைக்கு ஊட்டுபவர்களிடமும் கோபம் உண்டு. ஒரு விஷயத்தை இருவருமே கவனிப்பதில்லை. பண்ணையிலிருந்து நேராக வருவது இரண்டு வகைப் பால். ஒன்று, வாங்கிப் போய்க் காய்ச்சிக் குடிக்கும் பால். மற்றொன்று, காய்ச்சாமலே குடிப்பதற்கென்று விற்கப்படும் பால். பார்வைக்கும் நாக்குக்கும் வேற்றுமை தெரியாது. ஆபத்தில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை. இரண்டையும் ஒரே சட்டத்தில் கட்ட நினைப்பதால்தான், சட்டம் போடுகிற இடத்தில் சிறு பண்ணைக்காரர் நசுங்குகிறார், போடாத இடத்தில் குழந்தை நோயில் விழுகிறது.

புருசெல்லோசிஸின் வரலாறே இதற்குச் சாட்சி. மால்டா தீவில் பிரிட்டிஷ் ராணுவத்தினர் விடாத காய்ச்சலில் படுத்தபோது, 1887-இல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய மேலும் 18 ஆண்டுகள் ஆயின. 1905-இல் தெமிஸ்டோகிளீஸ் ஸம்மிட் என்ற மால்டா மருத்துவர், பார்க்க நோயே தெரியாத ஆடுகளின் ரத்தத்தில் அதைக் கண்டார். நோயே தெரியாத ஆடுகள் என்பதைத் திரும்பப் படியுங்கள். மறு ஆண்டு ராணுவ முகாம்களில் ஆட்டுப் பாலை நிறுத்தினார்கள். வீரர்களிடையே காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. ஊர் மக்கள் அதே பாலைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடையே நோய் பல்லாண்டுகள் நீடித்தது. காப்பாற்றத் தெரிந்த பிறகும், யாரைக் காப்பாற்றுவது என்பது ஓர் உத்தரவில் அடங்கியிருந்தது.

"எங்கள் மாடு கொழுகொழுவென்று இருக்கிறது, புல்தான் மேய்கிறது, அதற்கு என்ன நோய்?" என்று கேட்பவர்களுக்கு அந்த ஆடுகளைத்தான் காட்டுவேன். ஓ157 வகை ஈ.கோலை கிருமி மாட்டின் குடலில் மாட்டுக்கு எந்தத் தொல்லையும் தராமல் இருக்கும். நூற்றுக்கும் குறைவான கிருமிகள் உள்ளே போனாலே மனிதருக்கு நோய் வரலாம். சிறு குழந்தைகளில் சிலருக்கு அது சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடுகிறது.

அம்மா கறக்கும்போது அருகில் உட்கார்ந்து பார்த்தே வளர்ந்தவன் நான். மடியை வெந்நீரில் கழுவுவார், துணியால் ஈரம் போகத் துடைப்பார். ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீய்ச்சலைக் கருப்புத் தட்டு ஒன்றில் விட்டு விளக்கொளியில் சாய்த்துப் பார்ப்பார். திரி திரியாக ஏதாவது தெரிந்தால் மடிநோய். அந்தக் காம்புப் பால் பாத்திரத்துக்கு வராது. அவ்வளவு சுத்தம் பார்த்தவர். ஆனாலும் கறவையின் நடுவில் மாடு வாலை வீசும். சாணம் பட்ட வால். ஒரு பொட்டு தெறித்தால் போதும், கண்ணுக்குக்கூடத் தெரியாது. மடியிலிருந்து வரும் பால் ஏறத்தாழ 38 டிகிரி சூட்டில் இருக்கிறது, கிருமிக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடையாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் கிருமி நான்கு மணி நேரத்தில் நாலாயிரம் மடங்காகிவிடும். கறந்த உடனே 4 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். அப்படிக் குளிர்வித்தாலும் லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்பெட்டிக்குள்ளும் மெல்ல வளரும். கர்ப்பிணிகள் பச்சைப் பாலைத் தொடக்கூடாது என்று மருத்துவர்கள் அடித்துச் சொல்வது இதற்காக.

அம்மாவின் சுத்தத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. சுத்தம் ஆபத்தைக் குறைக்கும். சூடுதான் அதை நீக்கும். 63 டிகிரியில் அரை மணி நேரம் அல்லது 72 டிகிரியில் 15 விநாடி, பாஸ்ச்சரைசேஷன் என்பது இவ்வளவுதான். வீட்டில் பொங்கக் காய்ச்சினால் அதற்கும் மேல்.

சூடு சத்தைக் கொன்றுவிடும் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பாலின் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்ச்சரைசேஷனில் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. சில வைட்டமின்கள் கொஞ்சம் குறைகின்றன. அவற்றில் ஒன்றான வைட்டமின் 'சி'-க்காக யாரும் பாலை நம்பி இருப்பதில்லை. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பச்சைப் பால் ஒத்துக்கொள்ளும் என்பதும் சரியில்லை. ஒத்துக்கொள்ளாமைக்குக் காரணமான லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இரண்டிலும் ஒரே அளவுதான். ஆடை படியவில்லை, இது செத்த பால் என்பார்கள். ஆடை படியாததற்குக் காரணம் கொழுப்பைப் பொடியாக்கிக் கலக்கும் ஹோமோஜினைசேஷன். அது வேறு வேலை, பாதுகாப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு: ஐரோப்பாவில் பண்ணைப் பால் குடித்து வளர்ந்த குழந்தைகளிடம் ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த ஆய்வாளர்களே, கிருமி அபாயத்தைக் காட்டி, அதற்காகப் பச்சைப் பாலைக் கொடுக்கும்படி பரிந்துரைக்க முடியாது என்றும் எழுதியிருக்கிறார்கள். முதல் பாதியை மட்டும் வெட்டிப் பகிர்வது நேர்மையாகாது.

சரி, தடை செய்துவிடலாமா? கனடா 1991 முதல் தடை செய்திருக்கிறது. ஸ்காட்லாந்து 1983 முதல். அமெரிக்காவில் 1987 முதல் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு விற்பனைக்குக் கொண்டுபோகக் கூடாது. மாநிலத்துக்குள் என்ன செய்வது என்பதை அந்தந்த மாநிலம் பார்த்துக்கொள்கிறது. ஆனால் தடை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தைப் பார்க்க வேண்டும். குடிப்பதற்கு விற்கக்கூடாது என்றதும் 'குளியல் பால்' என்று லேபிள் ஒட்டி விற்றார்கள். வாங்கியவர்கள் குடித்தார்கள். 2014-இல் குழந்தைகள் நோயுற்று, மூன்று வயதுக் குழந்தை ஒன்று இறந்த பிறகுதான், அத்தகைய பாலில் கசப்புப் பொருள் கலக்க வேண்டும் என்று 2015-இல் விதி வந்தது. விருப்பம் உள்ள இடத்தில் தடை போட்டால் பால் நின்றுவிடுவதில்லை, மறைவாக ஓடுகிறது. மறைவாக ஓடும் பாலை யார் போய்ச் சோதிப்பார்?

எனக்குச் சரியாகப் படுவது ஜெர்மனியின் வழி. பண்ணைக்காரர் தன் தொழுவத்துப் பாலைப் பண்ணை வாசலிலேயே விற்கலாம். ஆனால் 'குடிப்பதற்கு முன் காய்ச்சவும்' என்ற அறிவிப்பு வாங்குபவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். காய்ச்சாமல் குடிக்கும் பாலை அடைத்து விற்க விரும்பினால் அதற்குத் தனி உரிமம், கடுமையான தொடர் சோதனை. அங்கே சட்டம் பாலை இரண்டாகப் பார்க்கிறது. இத்தாலியும் தானியங்கி எந்திரங்களில் விற்ற பச்சைப் பாலுக்கு 2008-இல் காய்ச்சும்படியான எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது.

முதல் வகைப் பால் விற்பவரை எளிதாக விட்டுவிடுங்கள். பதிவு, சுத்தம், குளிர்ச்சி, ஒரு பலகை, அவ்வளவு போதும். பத்து மாடு வைத்திருப்பவரின் கழுத்தில் தொழிற்சாலை விதிகளைத் தொங்கவிட வேண்டாம். இரண்டாம் வகைக்கு மட்டும் இரக்கம் வேண்டாம். மந்தை முழுவதும் புருசெல்லோசிஸுக்கும் காசநோய்க்கும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். குழந்தை, கர்ப்பிணி, முதியவர், நோய் எதிர்ப்பு குறைந்தவர் குடிக்கக்கூடாது என்று புட்டியிலேயே பெரிதாக எழுதியிருக்க வேண்டும். பால் மாதிரி சோதனையையே மலைபோல் நம்பிவிடவும் கூடாது. ஆய்வகத்தில் கிருமி வளர்ந்து முடிவு வர நாட்களாகும். அதற்குள் அந்தப் பால் யாருடைய வயிற்றிலோ இருக்கும். மாடும் தினமும் கிருமியை வெளியேற்றுவதில்லை. இன்று சுத்தமாக வந்த மாதிரி நாளைக்குப் பேசாது. 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. நோயுற்ற மாடுகளின் பச்சைப் பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன. அதற்கு முந்தைய மாதம் வரை பாலில் அந்த வைரஸைத் தேட வேண்டும் என்று யார் நினைத்திருப்பார்?

இவற்றையெல்லாம்விட நான் மன்றாடிக் கேட்பது மாட்டின் பக்கம். கிடாரிக் கன்றுக்கு இளவயதில் ஒருமுறை போடும் கன்று வீச்சுத் தடுப்பூசி, சோதனையில் சிக்கிய மாட்டை ஒதுக்கினால் விவசாயிக்கு முழு இழப்பீடு, காதில் எண் வில்லை, கை மாறும்போதெல்லாம் பதிவு. செலவை அரசு ஏற்க வேண்டும். இழப்பீடு இல்லாத இடத்தில் எந்த விவசாயியும் தன் மாட்டுக்கு நோய் என்று வாய் திறக்க மாட்டார்.

இதை எப்படி அறிவேன் என்றால், நாங்களே திறக்கவில்லை. கன்று வீசிய மாடு மறுபடி சினை பிடிக்காது என்று பயந்து, அப்பாவுக்குக் காய்ச்சல் தொடங்குவதற்கு முன்பே, ஒரு தரகர் மூலம் விற்றுவிட்டோம். ஓட்டிப் போக வந்தவர் மடியைத் தடவிப் பார்த்து, "கறவை எப்படி?" என்று கேட்டார். "நல்ல கறவை" என்றார் அப்பா. அது பொய்யில்லை. கன்று வீசியதை அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. என்ன நோய் என்று அப்போது எங்களுக்கே தெரியாது.

மருத்துவமனையில் நோயின் பெயர் தெரிந்த பிறகு, எங்கள் தொழுவத்தைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. மனித வைத்தியம் ஒரு கட்டடத்தில், மாட்டு வைத்தியம் வேறொரு கட்டடத்தில். இடையில் ஒரு கடிதம்கூடப் போகவில்லை. மருந்து முடிந்த வாரமே அப்பா தரகரைத் தேடிப் போனார். மாடு அதற்குள் இரண்டு கை மாறிவிட்டது, யாரிடம் இருக்கிறது என்று தனக்கே தெரியாது என்றார் அவர். பிறகும் மூன்று நான்கு முறை, சந்தை கூடும் நாளில் அப்பா போய் நின்று பார்த்தார். வெள்ளை நெற்றி, இடது கொம்பு நுனி உடைந்தது. அந்த அடையாளத்தைத் தவிர வேறு எதுவும் அவர் கையில் இல்லை.