ஜெபம் சரி, கடனுக்கு யார் பதில் சொல்வது?

ஆட்கடத்தலுக்கு எதிராக பெப்ரவரி 8, புனித பகீத்தாவின் திருநாளில் எல்லாச் சபைகளும் ஜெபிக்க வேண்டும் என்று நான் வாசித்த ஒரு கட்டுரை கேட்கிறது. ஜெபிப்போம். சூடானில் சிறுமியாகக் கடத்தி விற்கப்பட்டவர் அவர். ஆனால் எங்கள் மட்டக்களப்பில் பெண்களை யாரும் கையைப் பிடித்து இழுத்துப்போவதில்லை, கடன்தான் கூட்டிப்போகிறது.

வாகரைப் பக்கம் வீடு சந்திக்கப் போகும்போது பார்க்கிறோம். கிழமைக்குக் கிழமை லோன்காரர் வாசலில் நிற்பார். ஒரு லோனை அடைக்க இன்னொரு லோன், அப்புறம் தாலிக்கொடி அடகில். அந்த நேரம் பார்த்துத்தான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் வருகிறார், கையில் முற்பணத்தோடு. 2022 இல் ஓமானில் சிக்கித் தவித்த எங்கள் நாட்டுப் பெண்களில் பலர் விசிட் விசாவில் போனவர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் அப்படிப் போனால் கேட்பாரில்லை என்று அவர்களுக்கு யார் சொன்னது?

வேதாகமத்தில் எலிசா தீர்க்கதரிசியிடம் வந்த விதவையை நினைக்கிறேன். கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்க வந்திருந்தான். தீர்க்கதரிசி ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்பவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். இருந்த ஒரு குடம் எண்ணெய் அற்புதமாகப் பெருகியது. எண்ணெயை விற்றுக் கடனை அடைத்தபின், மீதியில் பிள்ளைகளோடு பிழைக்க வழியும் இருந்தது. அந்த மீதி மிக முக்கியம். கடனை மட்டும் அடைத்துவிட்டால் ஆறு மாதத்தில் திரும்பவும் லோன்தான்.

நாங்கள் காணிக்கையில் ஒரு பங்கை ஒதுக்கி மூன்று குடும்பங்களின் கடனை அடைத்து, கோழி வளர்க்கவும் உதவினோம். நாலாவது வீட்டுக்குக் காசு சேருமுன் அந்த அம்மா விசிட் விசாவில் போய்விட்டா.